மேற்குச் சன்னலின் மடிப்புத்திரை

என் சித்தி தைத்த ஒரு தையலை நான் பிளேடால் பிரித்து, அது தானாகப் பிரிந்தது போல் காட்டினேன். அப்போது எனக்குப் பத்து வயது. தப்பித்துக்கொள்வதற்காக வயதைச் சொல்லவில்லை. அந்த வயதில் இவ்வளவு தந்திரம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் விளங்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் அப்பா உத்தமபாளையத்தில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணை நம்பிய பிழைப்பு. இரண்டு கண்களிலும் புரை விழுந்துவிட்டது. மதுரையில் ஒரு கண்ணை மட்டும் அறுத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்கு வெளிச்சம் படக்கூடாது, தலை அதிரக்கூடாது. இந்தக் கண் தேறினால்தான் அடுத்ததில் கைவைக்க முடியும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் படுத்திருந்த அறையின் சன்னல் மேற்கே பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராகக் கட்டிலில் விழும். சன்னல் கதவைச் சாத்தினால் ஓட்டுக்கூரை வெக்கையில் அவருக்கு மூச்சு முட்டியது. அம்மா பழைய சேலை ஒன்றைக் கட்டிப் பார்த்தாள். ஆனி மாதம், மலையிலிருந்து இறங்கும் காற்று அதை ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்கவில்லை.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி எங்கள் வீட்டுக்கு வாழ வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா போடிக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். அங்கே சன்னல்களில் ஏற்றி இறக்கும் துணித்திரைகளை அவள் பார்த்திருந்தாள், கிழிந்தவற்றைத் தைத்தும் கொடுத்திருந்தாள்.

"நம்மளே செஞ்சு மாட்டிரலாம்க்கா" என்றாள்.

"ஏன்த்தா, துரைமாரு வீட்டு வித்தையெல்லாம் இங்கன சரிப்படுமா?" என்றாள் அம்மா.

"துரை வீடு, நம்ம வீடுன்னு வெயிலுக்குத் தெரியுமாக்கா?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

கறுப்புக் காடாத் துணியை இரண்டாக மடித்து, சன்னலைவிடப் பக்கத்துக்கு நான்கு விரல் அகலமாக வெட்டினாள் சித்தி. மேல் விளிம்பை ஒரு மரச்சட்டத்தில் ஆணியடித்து, சட்டத்தைச் சுவரில் அறைந்து கொடுத்தார் சித்தப்பா. துணியின் பின்பக்கம் இரண்டு வரிசையாகச் சின்ன வளையங்களைத் தைத்துக் கயிறு கோத்தாள். கயிற்றை இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாக மேலே ஏறும், விட்டால் இறங்கும். கீழ் விளிம்பை நீளப் பை போல மடித்து இரட்டைத் தையல் போட்டு, அதற்குள் ஓர் இரும்புக் கம்பியை நுழைத்தாள். துவைக்கும்போது உருவிக்கொள்ளலாம் என்று பையின் வாயை மட்டும் தைக்காமல் ஊக்குக் குத்தினாள்.

"கீழ கனம் இருக்கணும் தம்பி. இல்லேன்னா இது திரை இல்ல, கட்சிக் கொடி" என்றாள் என்னிடம்.

திரையை இறக்கியதும் அறை இருண்டது. பக்கவாட்டில் காற்று வந்தது. அப்பா அன்று நன்றாகத் தூங்கினார்.

எனக்கு அந்தக் கம்பியின் மேல் கண் விழுந்தது. எங்கள் தெருவில் சைக்கிள் ரிம் உருட்டுகிறவர்கள் எல்லோரிடமும் முனை வளைத்த கம்பி இருந்தது. நான் மட்டும் வேப்பங்குச்சியால் தட்டிக்கொண்டு ஓடினேன். ஒருநாள் அப்பா தூங்கும்போது ஊக்கைக் கழற்றிக் கம்பியை உருவினேன். அதே நீளத்தில் ஒரு சோளத்தட்டையை ஒடித்து உள்ளே செருகி, ஊக்கைப் பழையபடி குத்தினேன். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை.

அன்றிலிருந்து காற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் உட்கார்ந்து வெளியே மரம் அசைவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். திருப்பி வைத்துவிடலாம் என்று தினமும் நினைத்தேன். ஆனால் கம்பியின் முனையை வளைத்துவிட்டேனே, யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று தினமும் தள்ளிப்போட்டேன்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே வீச்சில் காற்று திரையைத் தூக்கி எறிந்தது. வெயில் அப்பாவின் முகத்தில் அறைந்தது. அரைத்தூக்கத்தில் இருந்தவர் பதறி எழுந்து திரையைப் பிடிக்கப் போனார். சன்னல் நிலையில் நெற்றி மோதியது. அவர் கத்தவில்லை. கண்கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பா வாடகைக் கார் பிடித்து வந்தார். அம்மாவும் அவருமாக அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். சித்தி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் அதைச் செய்தேன். அம்மிக்குழவியால் தட்டிக் கம்பியை நிமிர்த்தினேன். தட்டையை உருவி எறிந்தேன். கீழ்த் தையலை ஒரு முழ நீளம் பிரித்து, கம்பியைச் சன்னலடியில் போட்டேன்.

மறுநாள் திரும்பிவந்த சித்தப்பா கம்பியைப் பார்த்தார், பிறகு தையலைப் பார்த்தார்.

"இதான் நீ தச்ச லட்சணமா?"

"ரெட்டைத் தையல் போட்டேங்க. அது பிரியாது."

"அப்பப் பேய் வந்து பிரிச்சிட்டுப் போச்சா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தக் கண்ணுக்கு அதன்பின் வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரிந்தன. மற்றக் கண்ணை அறுக்க அப்பா கடைசிவரை சம்மதிக்கவில்லை. முத்திரைத்தாளை மூக்கருகே பிடித்து இரண்டு வருடம் எழுதினார், பிறகு விட்டுவிட்டார்.

மதுரையிலிருந்து அம்மா வந்த மூன்றாம் நாள், பயம் தாங்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லாத. உங்கப்பா காதுல விழுந்துச்சுன்னா உன்னையக் கொன்னே போட்டுருவாக."

அம்மா என்னைக் காப்பாற்றினாள் என்று நம்பினேன். சித்திமேல் விழுந்த பழி அப்படியே நிற்க, அடுத்த மாதம் சித்தப்பாவும் சித்தியும் போடிக்குத் தனிக்குடித்தனம் போனார்கள். சாமான் ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பியதும் அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அந்த நிம்மதியில் என் பங்கு எவ்வளவு என்று அன்று எனக்குப் புரியவில்லை.

அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் போய்ச் சேர்ந்தபிறகு, போன வருடம்தான் போடிக்குப் போனேன். எண்பதை நெருங்கிய சித்தியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் இடைமறிக்காமல் கேட்டாள்.

"உங்க சித்தப்பா சாகுற வரைக்கும் ஒரு பித்தான் தைக்கக்கூட என்கிட்டச் சட்டையக் குடுக்கல தம்பி. டெய்லர் கடைக்குத்தான் போவாக. அவுக இருக்கும்போது வந்திருக்கலாம்ல?"

நான் கிளம்ப எழுந்தேன். அவள் விடவில்லை.

"என் மகன் வர்ற நேரம்தான். அவன்கிட்டச் சொல்லிட்டுப் போ."

சித்தியின் மகன் வேலை முடிந்து வந்ததும் அவனிடம் சொன்னேன். அவன் பாதியிலேயே சிரித்துவிட்டான்.

"இதுக்காண்ணே இம்புட்டுத் தூரம் வந்தீக? விடுங்க, அது அந்தக் காலத்துக் கதை."

சித்தி அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கதை இல்லடா. அண்ணன் இன்னொரு வாட்டி சொல்லுவாக. உக்காந்து கேளு."

அவன் உட்கார்ந்தான். நான் முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.