தூக்காத கை

தாலுக்கா போர்டில் மெம்பராக இருந்த காலத்தில் நான் எதற்கெடுத்தாலும் கை தூக்குகிறவன். கிணறு, பாலம், சந்தைக்குக் கூரை, எல்லாவற்றுக்கும் தூக்கியிருக்கிறேன். தூக்காமல் விட்டது ஒரே தடவைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசிப் போகிறேன்.

என் தங்கைக்குப் புத்தி பேதலித்து அப்போது ஆறு வருஷம். கட்டிக்கொடுத்த இளம்பிள்ளை ஊரிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாட்டுக் கொட்டாயை ஒட்டிய அறையில் வைத்திருந்தோம். ஓடிவிடுவாள் என்று காலில் கயிறு. சர்க்கார் பைத்திய ஆஸ்பத்திரி மெட்ராசில். அங்கே அனுப்பினால் அப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பது எப்போது?

அந்தச் சமயம் வயதான டாக்டர் மெம்பர் ஒருவர், சேலத்திலேயே பைத்தியத்துக்குத் தனி வார்டு கேட்டு சர்க்காருக்கு எழுதலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். என் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்படி வந்துச்சுன்னா மாசம் ஒருக்கா வண்டி கட்டிப் போய்ப் பாத்துட்டு வந்தரலாமுங்க" என்றாள்.

ஆனால் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிற நேரம் அது. எங்கள் பக்கம் பெண் எடுப்பவர்கள், குடும்பத்தில் சித்தம் கலங்கியவர் உண்டா என்று மூன்று தலைமுறைக்குத் துருவுவார்கள். தங்கை புருஷன் வீட்டில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் அப்பாவும் அதே போர்டில் மெம்பர். கூட்டத்தன்று எனக்கு அடுத்த நாற்காலி அவருக்கு.

ஓட்டுக்கு விட்டபோது பின்னாலிருந்து ஒரு மெம்பர் கேலியாகச் சொன்னார்: "யாரூட்டுல பைத்தியம் இருக்குதோ அவங்கெல்லாம் கை தூக்குங்க."

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் அவரும் சிரித்தார். என் கை மடியில் கிடந்தது. அவர் கையும் அப்படித்தான். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது.

"நீங்க கை தூக்குனீங்கல்லங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தூக்குனேன்" என்றேன்.

கல்யாணம் நடந்தது. முதல் ஆடி நோம்பிக்குத் தாய்வீடு வந்த மகள், என் தங்கைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்: "அங்கயும் இப்படித்தானுங்கப்பா. மாமனாருக்கு ஒரு தம்பி. சங்கிலி போட்டு வெச்சிருக்காங்க. நாந்தான் சோறு கொண்டு போறனுங்க."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. யார்மேல் கோபப்படுவது? சம்பந்தியைப் பார்க்கப் போனேன். இருவரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தோம். தீர்மானத்தை மறுபடி கொண்டுவரலாம் என்று எனக்குத் துணிச்சல் வருவதற்குள் சர்க்கார் தாலுக்கா போர்டுகளையே எடுத்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

என் மனைவிக்கு மட்டும் அந்த ஓட்டு கடைசிவரை மறக்கவில்லை. தங்கைக்குக் கயிற்றுப் புண் சீழ் வைக்கும்போதெல்லாம் மருந்து அரைத்துக்கொண்டே, "எந்தப் பாவியோ கையத் தூக்காமப் போனான். அவனூட்டுல ஒருத்தருக்கு வந்தாத் தெரியுமுங்க" என்பாள்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு, நான் தங்கையின் காலைப் பிடித்துக்கொள்வேன்.