சிவப்பு மையில் ஒரு ‘பெலும்’

அம்மாவைப் புதைத்த மூன்றாம் நாள் காலை, அவளுடைய கைப்பையில் ஹர்யோ ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்டான். புற்றுநோய்ப் பிரிவு. தேதி நான்கு மாதங்களுக்கு முந்தையது. உடன் வந்தவர் என்ற இடத்தில் ‘மகள்’ என்று இருந்தது.

அம்மா ரூமியாத்திக்கு மகள் கிடையாது. ஹர்யோ ஒரே பிள்ளை. கடல் தாண்டி பாலிக்பாப்பானில் செல்போன் கோபுரங்களில் வேலை. ஞாயிறுதோறும் போனில் பேசுவான். “வயிறு எப்படிம்மா இருக்கு?” “வெறும் வாயுடா. நீ சாப்பிட்டியா?” அதோடு சரி.

சீட்டைப் பக்கத்து வீட்டு வார்னியிடம் காட்டினான். அவள் அடுப்பில் சோயா தெம்பே பொரிந்துகொண்டிருந்தது.

“வியாழக்கிழமையானா அந்த வெள்ளைக்காரப் பொண்ணு ஸ்கூட்டர்ல உங்கம்மாவ ஏத்திக்கிட்டுப் போகும் தம்பி. எங்க போறீங்கன்னு கேட்டா, ‘சும்மா காத்து வாங்க’ம்பாங்க. இந்தச் சந்துல அந்தக் கேள்விக்கு யாரு நெசத்தச் சொல்றா?”

அந்தப் பெண் மாரித். நார்வேக்காரி, அம்மாவின் மாணவி. யோக்யகர்த்தாவில் இந்த வீட்டு முன்னறையில் ரூமியாத்தி இருபத்திரண்டு ஆண்டுகளாக வெளிநாட்டாருக்கு இந்தோனேசிய மொழி சொல்லிக் கொடுத்தாள். இலக்கணம் பாதி, நடத்தை பாதி. இடக்கையால் எதையும் கொடுக்காதே. ஆள்காட்டி விரலால் சுட்டாதே, கட்டைவிரலைக் காட்டு. கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டால் ‘இல்லை’ என்று வெட்டாதே. ‘பெலும்’, இன்னும் ஆகவில்லை என்று சொல். எழுபது வயதுக் கன்னிக்கும் பெலும்தான்.

மதியம் மாரித் வந்தாள். செருப்பை வாசலில் விட்டு, குனிந்து கை கொடுத்தாள். ஹர்யோ தேநீரை அவள் முன் வைத்து எதிரே உட்கார்ந்தான். அவள் குவளையைத் தொடவில்லை. அதைப் பார்த்தாள், பிறகு மடியைப் பார்த்தாள். எதையோ மறைக்கிறாள், அதனால்தான் குடிக்கவில்லை என்று நினைத்தான்.

சீட்டை மேசைமேல் வைத்தான். “இந்த மகள் யாரு?”

“நான்தான் அண்ணா. அது பாடம்.”

“என்ன பாடம்?”

“வெளியே போய்ப் படிக்கிறது. சந்தை, தபால் ஆபீஸ், அப்புறம் ஆஸ்பத்திரி. ‘இன்னிக்கு நீ என் பொண்ணு, டாக்டர்கிட்ட நீதான் பேசணும்’னாங்க. டாக்டர் ரொம்ப வேகமாப் பேசினார். எனக்குப் பாதி புரியலை. வெளியே வந்து, ‘உனக்கு நூத்துக்கு அறுபது’ன்னு சிரிச்சாங்க.”

“வாசல்ல போர்டு இருந்திருக்குமே. படிக்கத் தெரியாதா?”

“ரெண்டாவது தடவை படிச்சேன். கேட்டேன். ‘எல்லாம் உதாரணத்துக்குத்தான்’னாங்க. பெரியவங்களைத் துருவிக் கேட்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்ததும் அவங்கதான்.”

அவன் நம்பவில்லை. “நோட்டு இருக்கா?”

வலக்கையால் நீட்டினாள். அவன் தேதிகளைச் சீட்டோடு ஒப்பிட்டான். முதல் தேதி பொருந்தியது. பிறகு எல்லாம் வியாழன்கள். கேள்விகள் அம்மாவின் கையெழுத்தில், பதில்கள் மாரித்தின் உருண்டை எழுத்தில், திருத்தங்கள் சிவப்பில். கடைசிப் பாடம் போன வியாழன். டாக்டர் நோயாளியைக் கேட்கிறார்: ‘உங்கள் மகனுக்குத் தெரியுமா?’ மாரித் எழுதியது: ‘தெரியாது.’ சிவப்புக் கோடு அதை இரண்டு தடவை அடித்திருந்தது. மேலே: ‘பெலும்.’

பிறகு சேர்த்ததா என்று தாளைச் சாய்த்துப் பார்த்தான். மற்ற பக்கங்களில் இருந்த அதே மை. அம்மாவின் கொக்கி எழுத்து.

“இதுல என்ன தப்பு?”

“நானும் கேட்டேன். ‘தெரியாதுன்னா கதவைச் சாத்தின மாதிரி. சொல்லப் போற விஷயத்துக்கு பெலும்தான்’னாங்க. ஞாயித்துக்கிழமை போன் வரும்னு...”

அம்மா இறந்தது சனிக்கிழமை.

ஹர்யோ நோட்டை மூடினான். பிறகு குவளையைப் பார்த்தான். தேநீர் குறையாமல் அப்படியே இருந்தது.

“ஏன் குடிக்கலை?”

“நீங்க இன்னும் ‘குடிங்க’ன்னு சொல்லலை அண்ணா.”

வந்தவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய சொல். மூன்று நாளாக எத்தனை பேர் முன்னால் தேநீரை ஆற விட்டானோ. குவளையை எடுத்துப் போய்ச் சூடாக வேறொன்று கொண்டுவந்தான். கட்டைவிரலால் காட்டினான்.

“குடிங்க.”

அவள் குடித்தாள். நோட்டை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.