தரையை விடாத கால்

சிவப்புப் போஸ்டர் சாயத்தைக் கிண்ணத்தில் கரைத்து என் உள்ளங்கால்களில் பூசி, கூடத்தில் விரித்த பழைய காலண்டர் தாள்களின் மேல் அக்கா என்னை நடக்கவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சிரம்பானுக்குப் பக்கத்தில் மம்பாவில் எங்கள் வீட்டுக் கூடம் அப்படியொன்றும் நீளமில்லை. நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். "திரும்பி வா, இன்னொருக்கா" என்று முட்டிபோட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து என் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்த அம்மா அந்தச் சிவப்பு அடிகளைப் பார்த்து, "ரெண்டு கழுதைக்கும் கல்யாண வயசு. வீட்டப் பாரு, ஆடு வெட்டுன மாதிரி" என்று திட்டிக்கொண்டே தாண்டிப் போனாள்.

அக்கா சிரம்பானில் ஒரு பேனர் கடையில் வடிவமைப்பு வேலை பார்த்தாள். கல்யாண வாழ்த்து, தீபாவளி மலிவு விற்பனை, கோயில் திருவிழா, இரங்கல் செய்தி. எல்லாம் ஒரு வாரம் தொங்கிவிட்டுக் குப்பைக்குப் போகிறவை. "நாலு நாட்டுக்காரன் பாக்குற மாதிரி ஒண்ணாவது செஞ்சிரணும்டி" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போர்டிக்சன் கடற்கரைச் சாலையில் பன்னாட்டு வேகநடைப் போட்டி நடக்கப்போகிறது, உள்ளூர்க்காரர்களும் அதற்குச் சின்னம் வரைந்து தரலாம் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் அப்போது மாநில அணியில் வேகநடைக்காரி. அதே போட்டியில் நடக்க எனக்கும் இடம் கிடைத்திருந்தது.

வேகநடை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு மூட்டும் விளையாட்டு. இடுப்பை ஆட்டி ஆட்டி நாங்கள் போவதைப் பார்த்து மோட்டார் சைக்கிளில் போகிற பையன்கள் விசிலடிப்பார்கள். நடக்கிறவர்களுக்கோ அதில் சிரிக்க ஒன்றுமில்லை. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருந்தாக வேண்டும். இரண்டும் தரையை விட்டால் அது ஓட்டம். மூன்று நடுவர்கள் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால், தலைமை நடுவர் முகத்துக்கு நேரே சிவப்பு அட்டையை நீட்டி வெளியே அனுப்பிவிடுவார். முந்தின வருடம் என்னை அப்படித்தான் அனுப்பினார்கள். உண்மையிலேயே என் கால் எழும்பியதா என்று எனக்கே தெரியாது. அந்த வேகத்தில் யாருக்குத்தான் தெரியும்? சாலையோரம் உட்கார்ந்து நான் அழுதபோது அக்கா பக்கத்தில் வந்தாள். என் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு அந்த நடுவரையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சிவப்பு அடிகளை வைத்துக்கொண்டு அவள் வரைந்த சின்னத்தில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். முகம் கிடையாது. நிமிர்ந்த முதுகு, மடங்கிய முழங்கை, தரையில் ஊன்றிய குதிகால். காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு பட்டை. அது தீமிதிக் குழியின் தணல் என்று எனக்கு மட்டும்தான் சொன்னாள். ரெம்பாவ் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் வருடா வருடம் தீமிதி நடக்கும். பூக்குழியில் இறங்குகிறவர்கள் சூடு தாங்காமல் தாவி ஓடினால் தோட்டமே ஒரு மாதத்துக்குக் கேலி செய்யும். எங்கள் அம்மா ஓடியதில்லை. மஞ்சள் புடவையோடு, மார்க்கெட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்து கரையேறுவாள்.

கமிட்டிக் கூட்டத்துக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். ஆளுக்கொரு ஆசை அவர்களுக்கு. ஒருவர் எங்கள் மாநிலத்து மினாங்கபாவ் வீடுகளின் கூரையில் கொம்பு மாதிரி வளைந்திருக்குமே, அது வேண்டும் என்றார். ஒருவர் கடல் அலை வேண்டும் என்றார். இன்னொருவருக்குத் தேசியப் பூவான செம்பருத்தி இல்லாமல் மனம் ஆறவில்லை. வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிப் பழகிய அக்கா முகம் சுளிக்கவில்லை. கைகளின் வளைவிலேயே கூரைக் கொம்பைக் கொண்டுவந்தாள், கூந்தலை அலையாக்கினாள், பூவையும் எங்கோ செருகினாள். சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். "துணிச்சல்னு போட்டுக்குங்க சார்" என்றாள். கடைசியாகச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு லா. ஆனா பசாருக்குக் காய் வாங்கப் போற மாதிரி இருக்கும்மா. அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கிவிடு. பறந்தாதான் இன்டர்நேஷனல்" என்றார். கோலாலம்பூர் கம்பெனி ஒன்று பறக்கிற உருவத்தோடு காத்திருப்பதையும் சொல்லிவைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவளைப் பிய்த்து எடுத்தேன். "ஒரு காலுதானே கா. தூக்கி விட்டுட்டுப் போயேன். யாரு பாக்கப் போறா?" காரை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா அந்த நெருப்புலயே ஓடல. உன்னைய ஓடுனவள்னு சொல்லி ரோட்டுல நிறுத்தி அனுப்புனாங்க. இப்ப நானும் என் கையால அப்படியே வரையவா?" அவள் வரைந்தது அம்மாவை மட்டும்தான், நான் நடந்து காட்டியது வெறும் மாதிரிக்கு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை மட்டி நான்.

கூரையையும் அலையையும் பூவையும் மாற்றியவள் காலை மட்டும் மாற்றாமல் அனுப்பினாள். கோலாலம்பூர்க்காரர்களின் சின்னம்தான் தேர்வானது. அக்கா மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போய் யாரோ ஒருவருடைய காதுகுத்துக்குப் பேனர் அடித்தாள். இப்போதும் தொலைக்காட்சியில் எந்த விளையாட்டுப் போட்டியின் சின்னத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது. எல்லாரும் பறந்துகொண்டிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. யாரும் எதன் மேலும் நிற்பதில்லை.

போட்டியன்று என் மார்பில் குத்திய எண் அட்டையிலும் கோலாலம்பூர்க்காரர்களின் உருவம் இரண்டு காலும் அந்தரத்தில் பறந்தது. வெளிநாட்டு வேகநடைக்காரிகள் அதைச் சுட்டிக்காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதித் தூரத்திலேயே சிரிப்பு அடங்கிவிட்டது. எச்சரிக்கைப் பலகையில் என் எண்ணுக்கு நேரே இரண்டு சிவப்புப் புள்ளிகள். இன்னும் ஒன்று விழுந்தால் வெளியே. முன்னால் போகிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். விரட்டலாமா என்று தோன்றியது.

அந்த வளைவில்தான் அதைப் பார்த்தேன். இரண்டு மரங்களுக்கு நடுவே, கடையில் மிச்சமான துணியில், ஆளுயரத்துக்கு அக்கா தன் சின்னத்தை அடித்துக் கட்டியிருந்தாள். கொம்பில்லை, அலையில்லை, பூவில்லை. சிவப்புப் பட்டையும் ஊன்றிய குதிகாலும் மட்டும். பக்கத்தில் நின்று, "நட! நட!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் விரட்டவில்லை. இருவர் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டு நடந்தேன்.

முடித்துவிட்டு அவளிடம் தள்ளாடி வந்தேன். எத்தனையாவது இடம் என்று கேட்பாள் என்று நினைத்து, சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் அதைக் கேட்கவே இல்லை. "வெளிய அனுப்பலையே?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். சின்னம் கைவிட்டுப் போனபோதுகூடக் கலங்காத என் அக்கா, அத்தனை ஜனத்துக்கு நடுவே அந்தத் தார்ச்சாலையில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.