ஊர் பெயர் திரும்பிய பிறகு

ஹைட்ரூன் பிறந்தது கெம்னிட்ஸில். அவளுக்கு மூன்று வயதானபோது அரசாங்கம் ஊருக்கு கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரில்தான் படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியும் ஆனாள். நாட்டைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருந்த சுவர் விழுந்த பிறகு ஊர் மக்கள் வாக்களித்துப் பழைய பெயரை மீட்டார்கள். அவளும் அதற்குத்தான் வாக்களித்தாள். நாக்குதான் ஒத்துழைக்கவில்லை.

அடுத்த கோடையில் மேற்கிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. ஒலிபெருக்கியில், “கார்ல் மார்க்ஸ்...” என்று தொடங்கிவிட்டு, “கெம்னிட்ஸுக்கு நல்வரவு” என்றாள். பேருந்தே சிரித்தது.

முன்சீட்டில் இருந்த வெண்ட்லர் என்ற முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. சிறுவயதில் இங்கிருந்து போனவர்.

“தறிக்காரர் சந்து வழியா போங்கம்மா. எங்க வீடு அங்கதான்.”

ஹைட்ரூன் ஓட்டுநர் லோதாரைப் பார்த்தாள்.

“என்னைப் பாக்காத தாயே! போன மாசம் எங்க தெருவுக்கே பேரை மாத்திட்டானுங்க. தபால்காரனே என்கிட்டதான் வழி கேக்கறான்.”

ஊரின் பழைய சிவப்புக் கோபுரத்தைச் சுற்றினார்கள். முனைக்கு முனை புதுப் பலகை. மார்க்ஸின் பெரிய வெண்கலத் தலைச் சிலை மறுபடி எதிரே வந்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “இந்த மாதிரி தலை எத்தனைங்க இருக்கு இங்க?”

“ஒண்ணுதாங்க. நாமதான் திரும்பத் திரும்ப வர்றோம்” என்றார் லோதார்.

கடைசியில் அருங்காட்சியகத்து வாசலில், கல்லாகிப்போன மரங்களைப் பார்க்க எல்லாரும் இறங்கினார்கள். வெண்ட்லர் மரங்களைப் பார்க்கவில்லை. கோபுரம் இருந்த திசையைக் கையால் அளந்தபடி நடந்தார். ஹைட்ரூனும் பின்னால் போனாள். ஒரு புல்வெளியில் நின்றார்.

“இங்கதான்... இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி. போர்ல குண்டு விழுந்தப்போ கோபுரம் இடதுபக்கம் தெரிஞ்சுது. நீங்க சொல்லுங்களேன், நீங்கதானே வழிகாட்டி?”

அவள் மனப்பாடம் செய்திருந்த வரிகளில் அந்தச் சந்து இல்லை. அவள் பிறக்கும் முன்பே தறிக்காரர் சந்து மண்ணோடு போயிருந்தது. அப்படி ஒரு சந்து இருந்ததாக யாரும் அவளிடம் சொன்னதில்லை.

“எனக்குத் தெரியல ஐயா. நிஜமாவே தெரியல.”

அவர் கோபிப்பார் என்று நினைத்தாள். அவரோ அப்படியே புல்லில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

“இது சமையலறைன்னு வெச்சுக்குவோம். உட்காரும்மா.”

உட்கார்ந்தாள். அவர் தன் அம்மா சுட்ட உருளைக்கிழங்கு அப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். லோதார் விடாமல் பேருந்தின் ஹாரனை அடித்தும் இருவரும் எழவில்லை.