இறந்தவர் பெயருக்கு வந்த மின்னஞ்சல்கள்

போர்நிறுத்தச் சமாதான காலம் முடிகிற வருடம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இணையத்தை யார் ஆள வேண்டும், அதில் சனங்களின் உரிமை என்ன என்று வீடு வீடாகக் கேட்க, கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்திருந்தார். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றித் திரிவது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அலைந்து திரிந்ததால் ஒழுங்கைகள் தெரியும்.

அதற்கு முன்பிருந்தே கிளிநொச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கடையின் கடிதங்களை ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். கடைக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. முரசுமோட்டை, ஜெயபுரம் எல்லாவற்றுக்கும் வெளிநாட்டுக் கடிதங்கள், தலைப்பில் உரியவரின் பெயரோடு, அதற்கே வரும். கடைக்காரர் அச்செடுத்துக் கயிற்றில் கிளிப் போட்டுக் கொழுவிவிடுவார். யாரும் யாருடையதையும் வாசிக்கலாம். ஒருவரும் கோபிப்பதில்லை.

ஆராய்ச்சியாளர் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார். "உங்கட ஆக்களுக்கு அந்தரங்கம் எண்டால் என்னெண்டு தெரியாது போல."

எங்களை மடையர் என்று எழுதிவிடுவாரே என்ற சூட்டில் சொல்லக்கூடாததைச் சொன்னேன். மறைக்கவேண்டிய கடிதம் இறந்துபோனவரின் பெயருக்கு வரும். அதைக் கடைக்காரர் கயிற்றில் போடமாட்டார். மடித்து மேசை லாச்சிக்குள் வைப்பார். வேறு யாரும் தொடமாட்டார்கள். நான் கொண்டுபோய் அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுப்பேன். முரசுமோட்டை அக்கா ஒருத்தியை உதாரணமாகவும் காட்டினேன்.

அக்காவுக்கு லண்டனில் மகன். இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வரத் தொடங்கியபோது மகளை வவுனியாவுக்கு அனுப்பி ஒளித்து வைத்திருந்தா. மகள் தங்கும் விலாசத்தை லண்டனுக்குத்தான் அறிவிப்பாள்; அது மகனின் கடிதங்களில் அக்காவுக்கு வரும். மகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன்.

சில மாதங்களில் அறிக்கை தமிழில் வந்தது. முடிவுகளைச் சனத்திடமே திருப்பிக் கொடுக்கிறார்களாம். அந்தக் கடைக்கே பத்துப் பிரதிகள். அக்கா ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தா.

"இது நான்தானே?"

"பேர் போடேல்லை அக்கா."

"முரசுமோட்டை, ரெண்டாம் வாய்க்கால், பாம்பு கடிச்சுச் செத்த புருசன், லண்டன் மகன். அடையாள அட்டை இல்லாமல் இதைக் காட்டியே ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினா. "இனி இயக்கம் வந்து லாச்சியைத் திறந்தால் பிள்ளை நிக்கிற இடம் தெரியும்."

ஓடிப்போய்ப் பிரதிகளைச் சேர்த்தேன். அக்காவுடையதோடு ஒன்பது.

"பத்தாவது எங்க அண்ணை?"

"வாசிச்சிட்டுத் தாறன் எண்டு ஒராள் கொண்டு போனவர்," என்றார் கடைக்காரர். ஆர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். "பேர் போடவில்லையே. சொன்னது நீங்கள்தானே," என்றார் ஆராய்ச்சியாளர். அது மெய். அக்காவிடம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. சனங்களின் அந்தரங்க உரிமை என்று அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

வவுனியாவுக்குப் போன முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் அக்கா சொல்லி அனுப்பினா. மகள் இடம் மாறினாள். எங்கே என்று அந்த வியாபாரிக்கும் தெரியாது. மகனோ வழக்கம்போலத் தகப்பன் பெயருக்கே எழுதினான். எழுதாதே என்று அவனுக்குத் தொலைபேசியில் சொன்னால் கடை முழுக்கக் கேட்கும்.

"என்ன செய்யிறது?" என்று கடைக்காரர் அக்காவிடம் கேட்டார்.

"திறக்காமல் அழிச்சு விடுங்கோ. எங்களுக்கே தெரியாட்டி ஆரும் எங்களிட்டக் கேட்டு எடுக்கேலாது."

என் கண் முன்னால் அழித்தார். அதில்தான் மகளின் புது விலாசம் இருந்திருக்கும். அக்கா கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே போனா.