பூட்டச் சொன்னவர்

கரம்பொன் சில்வெஸ்ரருக்கு அறுபத்துமூன்று வயதில்தான் பயம் பிடித்தது. அதற்கு முன் குடிவெறியில் சண்டை பிடித்து மூன்று தடவை மறியலுக்கு, சிறைக்கு, போனவர். மாமியார் வீட்டுக்குப் போகிறவர் போல வெற்றிலை போட்டுக்கொண்டுதான் போனார். நாலாவது தடவைதான் வினையாய் முடிந்தது. விடிய எழும்பியபோது பொலிஸ் கூட்டுக்குள் கிடந்தார். தம்பி மனுவேலைக் குத்திக் கொன்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. ஒன்பது வருஷம் உள்ளே இருந்து யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

1974 மாசியில் வெளியே வந்தவரை மகள் கிறேசம்மா தன் வீட்டில் வைத்திருந்தாள். ஒரு சொட்டும் தொடக்கூடாது என்பதுதான் பேச்சு. வயது போனால் தானாக அடங்கிவிடும் என்றார்கள் ஊரார். முழங்கால் அடங்கியது உண்மைதான், நாக்கு எங்கே அடங்கியது?  பின்னேரமானால் கள் விற்கிற தவறணை இருக்கும் தெருவை விட்டு வயலைச் சுற்றிப் போவார்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தது. ஒருசந்தி விரதம் இருந்த தகப்பனுக்கு மத்தியானம் கிறேசம்மா கருப்பணி வார்த்துக் கொடுத்தாள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிப் பனையில் கட்டினால் இறங்குவது வெறியேறாத கருப்பணி, பூசாவிட்டால் கள். பனை சீவுகிற ஐயாத்துரை அன்று முட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டான். விடாயில் சில்வெஸ்ரர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அடித்தொண்டையில் புளிப்பு ஏறியது.

"இன்னும் கொஞ்சம் வார், பிள்ளை," என்று வாய் தன்பாட்டில் கேட்டது.

கேட்ட பிறகுதான் குடித்தது கள் என்று விளங்கியது. மூன்று வயதுப் பேத்தி அவர் மடியில் சாய்ந்திருந்தாள். அவளை இறக்கிவிட்டு, சால்வையும் எடுக்காமல் பொலிசுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். தன்னைப் பூட்டிவைக்கும்படி கெஞ்சினார். சார்ஜனுக்குச் சிரிப்பு வந்தது.

"குற்றம் செய்யாத ஆளைப் பூட்டேலாது. வீட்டை போம்."

"செய்தாப்பிறகு பூட்டி என்ன பிரயோசனம், ஐயா?"

சார்ஜன் வாசலைக் காட்டினார். சில்வெஸ்ரர் வெளியே வந்தார். பேத்தியைக் கையில் பிடித்தபடி கிறேசம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கிட்ட வந்ததும் அவர் வாயிலிருந்து கள் மணத்தது. அவள் பிள்ளையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டாள்.

 சில்வெஸ்ரர் தானே இரண்டடி பின்னால் போனார்.

"ஓம், அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில். கிட்ட வராதை."