ஸ்வீடன்காரனின் வலது முழங்கால்

பந்தாட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பின்னால் ஓடுவது. எதிரி பந்தோடு வருவது தெரிந்தால் போதும், நான் எங்கள் கோலை நோக்கி ஓட ஆரம்பித்துவிடுவேன். கோலைக் காக்கத்தான் இவன் இப்படிப் பறக்கிறான் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் நினைப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்படியே இரண்டு மழைக்காலம் கல்கத்தா மைதானில், கோலுக்கு முன்னால் நின்று காக்கும் 'பேக்' என்ற பட்டத்தோடு உலவினேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. பவானிபூரில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டிகளைக் கப்பலில் வரவழைத்து விற்கும் ஒரு கம்பெனியில் கடிதக் குமாஸ்தாவாக வேலை பார்த்தேன். ஊரில் எல்லாக் கம்பெனிக்கும் பந்தாட்டக் கோஷ்டி இருக்க, நமக்கு இல்லையே என்று எங்கள் மானேஜருக்கு ஒரு குறை. ஆபீஸில் இருந்த வெள்ளைக்காரர்களோ ஆறே பேர். மீதி ஐந்து இடத்துக்கு, கால் இரண்டும் ஒழுங்காக இருந்த குமாஸ்தாக்களைப் பொறுக்கினார்கள். பொரோபாபு என்று நாங்கள் அழைத்த வங்காளித் தலைமைக் குமாஸ்தா கோல்கீப்பர். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அவர் நின்றாலே கோலில் பாதி அடைபட்டுவிடும். வலது பேக் நான். இடது பேக் ஸ்வீடன்காரன்.

அவனை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் ஆட்டத்தின் நடுவில் மரியாதைக்கு நேரம் இருந்ததில்லை. அந்தப் பழக்கம் பேனாவிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோடவுனில் பெட்டிக்கு ஒரு குச்சி உரசிப் பார்த்து, கல்கத்தா ஈரத்தில் எது நமுத்துப்போனது என்று பிரிப்பது அவன் உத்தியோகம். இங்கிலீஷ்காரர்கள் அவனுடைய இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்கள். என்னுடையதைக் கேட்டும் சிரிப்பார்கள். அதனால் எங்களுக்குள் பேச நிறைய இருந்தது.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. அவன் தேசத்தில் பந்தாட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. இங்கிலாந்தில் உண்டாம். ஒரு குளிர்காலமாவது அங்கே சம்பளம் வாங்கும் ஆட்டக்காரனாக இருந்துவிட வேண்டும் என்பான். பந்தை உதைப்பதற்கு ஒருவன் சம்பளம் கொடுப்பான் என்பதை முதலில் நான் நம்பவில்லை. வீட்டில் சொன்னேன். அக்கா அதற்குள் நுழையவே இல்லை. மாட்டுத் தோலைத் தொட்டுவிட்டு வந்தவன் முற்றத்துக் குழாயடியில் குளிக்காமல் சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்பதோடு பந்தாட்டத்தைப் பற்றிய அவள் அக்கறை முடிந்தது. அத்திம்பேர்தான் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"அவனுக்குச் சம்பளம் கொடுக்கட்டும்டா, ஆடறான். பயந்து ஓடறதுக்கு நீ மைதான் வரைக்கும் டிராம்ல போவானேன்? இங்கே பவானிபூர்லயே ஓடலாமே."

ஸ்வீடன்காரனின் ஆட்டம் ஓட்டத்தில் இல்லை, கணக்கில் இருந்தது. அந்தக் காலத்து ஆஃப்சைடு சட்டப்படி, பந்து உதைபடும் கணத்தில் எதிரிக்கும் நம் கோலுக்கும் நடுவே நம்மவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பர் ஒன்று, பேக்குகள் இரண்டு, ஆக மூன்று. எதிரி பந்தை அனுப்பக் காலைத் தூக்கும்போது பேக்குகளில் ஒருவன் சட்டென்று அவர்களைத் தாண்டி முன்னால் போய்விட்டால், மிச்சம் இரண்டு பேர்தான். விசில் ஊதிவிடும். முன்னால் போகிறவன் எப்போதும் ஸ்வீடன்காரன். பின்னால் ஓடுகிறவன் நான். இரண்டு பேருக்கும் பொருத்தமான ஏற்பாடு.

முதல் வருஷ மழையின் கடைசியில் அவன் ஒரு பள்ளத்தில் கால் வைத்து வலது முழங்காலைத் திருகிக்கொண்டான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். தினமும் கோடவுனில் பெட்டிகளுக்குப் பின்னால் உட்காரவைத்துத் துணி சுற்றிவிட்டவன் நான்தான். மற்றவர்கள் முன்னால் அவன் நொண்டவே மாட்டான். மெதுவாக, நிமிர்ந்து நடப்பான். தலைக்கனம் என்றார்கள்.

இரண்டாவது வருஷ மழை ஆரம்பித்த சமயம், கிதிர்பூர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. அதன் எஞ்சினீயருடைய அண்ணன் இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஊரில் ஒரு பந்தாட்டக் கிளப்பின் காரியதரிசி. எஞ்சினீயர் சனிக்கிழமை எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார், பிடித்திருந்தால் அண்ணனுக்கு எழுதுவார் என்று மானேஜர் சொன்னார். ஸ்வீடன்காரன் என்னைக் கோடவுனுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"சனிக்கிழமை நான் பின்னால் நிற்கிறேன். நீ முன்னால் போகிறாய்," என்றான். "நான் 'நூ' என்று கத்துவேன். எங்கள் பாஷையில் 'இப்போது' என்று அர்த்தம். கேட்டதும் போ. யோசிக்காதே."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காளிகாட் கோயிலுக்குப் போய், மழை கொட்டி ஆட்டம் நின்றுபோக வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டேன். சனிக்கிழமை அந்த ஆனி மாதத்திலேயே காணாத வெயில் அடித்தது.

எதிரிகள் ஒரு பட்டறைக் கோஷ்டி. எல்லோருக்கும் பூட்ஸ். எனக்கு வெறுங்கால். முதல் 'நூ' கேட்டபோது என் காதுக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை. நின்ற இடத்திலேயே ஊன்றிப்போனேன். பந்து எனக்குப் பக்கத்தில் போய், ஸ்வீடன்காரனைத் தாண்டி, பொரோபாபுவின் வேட்டிக்கு அடியில் புகுந்து கோலாகிவிட்டது. பொரோபாபு பந்தை எடுத்துக்கொண்டு வந்து என்னை ஒருதரம் பார்த்தார்.

"கீ கொர்ச்சோ, பாய்?" என்றார். என்ன பண்ணுகிறாய் தம்பி என்று அவ்வளவு சாந்தமாகக் கேட்டதற்கு, திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஸ்வீடன்காரன் என் பக்கம் திரும்பவில்லை. எல்லைக்கோட்டருகே தொப்பியோடு நின்ற எஞ்சினீயரை மட்டும் ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த 'நூ' வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஓர் ஆள் மேல் மோதினேன். விசில் ஊதியது. நான்தான் ஏதோ குற்றம் செய்துவிட்டேன் என்று நினைத்து ரெஃப்ரியிடம் கைகூப்பினேன். அவர் ஆஃப்சைடு என்று எதிரிகள் பக்கம் கையைக் காட்டினார்.

அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. அவன் கத்துவான், நான் ஓடுவேன், விசில் ஊதும். பின்னால் ஸ்வீடன்காரன் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டாளத்து ஜெனரல் மாதிரி நின்ற இடத்திலேயே நின்றான். எங்கள் கோஷ்டியும் ஒரு கோல் போட்டது. சமமாக முடிந்தது.

ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் கூடாரத்தின் வாசலில் நான் காலில் குத்திய கண்ணாடிச் சில்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, எஞ்சினீயர் என் முன்னால் வந்து நின்றார். பிரமாதமான தலை உன் கூட்டாளிக்கு, என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவன் ஓடி நான் பார்க்கவே இல்லையே. கால் சரியாக இருக்கிறதா?"

ஆபீஸில் ஆயிரம் பொய்க் கடிதங்கள் எழுதியவன் நான். சரக்கு வராமலே வந்துகொண்டிருக்கிறது என்று எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். அந்த நேரத்துக்கு ஒன்று அகப்பட வேண்டாமா.

"வலது முழங்கால் சார்," என்றேன். "போன வருஷம் பள்ளத்தில் விழுந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறான்."

அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

கப்பல் தபால் போய்வர இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் நான் கோடவுன் பக்கம் போகாமல் இருக்க உலகத்திலுள்ள வியாதியெல்லாம் எனக்கு வந்தது. துணி சுற்றிவிடக் கூப்பிட்டால் எனக்குக் கையில் சுளுக்கு. தபால் நாளில் எனக்கு வயிற்று வலி. தபாலைப் பிரித்துக் கொடுக்கிறவனும் நான்தான் என்பது என் தலையெழுத்து. கடைசியில் வந்த உறை அவன் பெயருக்கு இருந்தது. அதைக் காலையிலிருந்து மத்தியானம் வரை சட்டைக்குள்ளேயே வைத்திருந்தேன். இல்லை என்று எழுதியிருந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற பயம். பிறகு, வைத்துக்கொண்டிருப்பது தெரிந்துபோனால் என்ற பயம் அதைவிடப் பெரிதாகி, கொண்டுபோய்க் கொடுத்தேன். வியர்வையில் உறை நமுத்திருந்தது.

படித்தான். ஒரு குளிர்காலத்துக்குச் சம்பளத்தோடு எடுத்துக்கொள்கிறோம், வந்து சேர் என்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் கடைசி வரியை அவன் வாய்விட்டு, ஒருதரத்துக்கு இரண்டுதரம் படித்தான். கூட்டாளி சொன்ன முழங்காலைக் கவனித்துக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறார் என்பது அந்த வரி.

"கூட்டாளி என்றால் யார்?" என்று கேட்டான்.

"பொரோபாபுவும் ஒரு கூட்டாளிதான்," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நாலு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டில் விஷயத்தைக் கேட்ட அத்திம்பேர், "எழுத்து மூலமா மாட்டிண்ட அப்புறமும் பின்னாலதான் ஓடினியா?" என்று மட்டும் கேட்டார். ஐந்தாவது நாள் கோடவுனுக்குப் போய் அவன் எதிரில் நின்றேன். நான்தான் சொன்னேன், பயத்தில் சொல்லிவிட்டேன், வேண்டுமென்று சொல்லவில்லை, வேறு ஒன்றும் வாயில் வரவில்லை என்றேன். கையிலிருந்த குச்சியை அவன் விரலைத் தொடும்வரை எரியவிட்டான்.

"ஒரு வருஷமாக நேராக நடக்கிறேன்," என்றான் கடைசியில். "எவ்வளவு வலி என்று உனக்குத் தெரியாது. அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நான் நடிக்க வேண்டாம்."

அவன் அங்கே இரண்டு குளிர்காலம் ஆடினான். மூன்றாவதில் முழங்கால் தீர்மானமாக முடியாது என்று சொல்லிவிட்டது. ஊருக்குத் திரும்பி ஒரு மரப் பட்டறையில் சேர்ந்தான். வருஷத்துக்கு ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. ஒன்றில்கூட வருத்தம் இல்லை. சேற்றைப் பற்றியும் பனியைப் பற்றியும், நம்மூர் இஞ்சி போட்ட டீ அங்கே கிடைக்காததைப் பற்றியும் எழுதுவான்.

அவன் கல்கத்தாவை விட்டுக் கிளம்பிய அன்று, அவனைக் கப்பலேற்ற நானும் பொரோபாபுவும் போயிருந்தோம். மானேஜரும் மற்ற வெள்ளைக்காரர்களும் வந்திருந்தார்கள். எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு அவன் ஏணிப்பலகையில் ஏறினான். இரண்டாவது அடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் நொண்டினான். "அடடா, இவருக்குக் காலில் என்ன?" என்று மானேஜர் என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.